இரண்டு மணி நேரம் சொச்சம்

எனக்குக் கிடைக்கிற சூரியன் புதியது இல்லை. அக்கா பார்த்து முடித்துவிட்டு அனுப்பிவைப்பது.

போர்ட் பிளேரில் அது கடலிலிருந்து எழும். அவள் வீட்டு மாடியில் கொஞ்ச நேரம் உட்காரும். அவள் கொடியில் போட்ட சேலையைத் தொட்டுப் பார்க்கும். அப்புறம்தான் கடலைத் தாண்டிக் கும்பகோணத்துக்கு வரும்.

வரும்போது லேசாகக் கசங்கியிருக்கும். ஓரத்தில் அவள் போட்ட காப்பியின் மணம் ஒட்டியிருக்கும். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் முகர்ந்தே பார்த்திருக்கிறேன்.

ஒரே கடிகாரம். இரண்டு வெளிச்சம். அவளுக்கு விடிந்து, அநேகமாக ஒரு மணி நேரம் போன பிறகுதான் எனக்கு விடியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும் முன்பே போன் அடிக்கும்.

"டேய் பக்கிரி, அனுப்பிட்டேன். வந்துச்சா?"

"இன்னும் வரலக்கா. வழியில எங்கயோ எறங்கி டீ குடிக்குது போல."

"சோம்பேறிப் பய ஊருக்கு வர்றதுன்னா அதுவும் சோம்பேறியாத்தான் வரும்."

இதுதான் எங்கள் வாராந்திரக் காலை வணக்கம்.

என் பெயர் பக்கிரிசாமி. மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். நான் வேலையில் இருந்த காலத்தில் காவிரிப் படுகை முழுவதும் விளக்கு எரிந்தது என் ஒருவனால்தான். ஓய்வு பெற்ற அன்று மாலை எங்கள் தெருவில் கரண்ட் போனது. அதுவே சாட்சி.

அக்கா மங்கையர்க்கரசி. கூடப் பிறந்தவர்கள் நாங்கள் ஏழு பேர். இப்போது அவளும் நானும் மட்டும்.

வெளியே என்னை சார் என்பார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா. வேதவல்லிக்கு, அதாவது என் மனைவிக்கு, நான் 'என்னங்க'. என்னை 'டேய்' என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு வாய்தான் மிச்சம் இருந்தது.

அந்த வாய் கார்த்திகையில் நின்றுபோனது.

*

கார்த்திகை முழுக்க மழை. வானம் கிழிந்து, தைக்க ஆளில்லாமல் தொங்கியது. எங்கள் தெருவில் திமிங்கிலம் போனதாகப் பேச்சு. நான் வால் மட்டும் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. போன் அடிக்கவில்லை. சூரியன் மட்டும் வந்தது, முகவரி எழுதாத கடிதம் மாதிரி.

நான் கூப்பிட்டேன். அத்தான் எடுத்தார். கோவிந்தராசு அத்தான். துறைமுகத்தில் வேலை பார்த்தவர். நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய மோசமான பழக்கம் அவருக்கும் உண்டு: பொய் சொல்ல வராது.

"அக்கா எங்கத்தான்?"

"குளிக்கிறா."

அடுத்த ஞாயிறும் குளித்தாள். அதற்கடுத்த ஞாயிறு கோயில். அப்புறம் தூக்கம். அப்புறம் மறுபடியும் குளியல். இரண்டு மாதமாக ஒரு மனுஷி குளித்தால் அந்தமானில் தண்ணீர் மிஞ்சுமா? கடலே வற்றியிருக்க வேண்டாமா?

முகம் பார்த்துப் பேசலாம் என்று வீடியோவில் கூப்பிட்டேன். திரையில் வீட்டுக் கூரை தெரிந்தது. ஒரு மின்விசிறி தெரிந்தது. அக்கா தெரியவில்லை.

"அவ நல்லாத்தான் இருக்கா" என்றார் கூரை.

நல்லாத்தான். அந்தத் 'தான்' என்னைத் தூங்கவிடவில்லை.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் இருந்தார். ஒரு காலையில் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு பேச்சில்லை. எல்லாம் புரியும், எதுவும் வராது. அவர் வீட்டிலும் இப்படித்தான் சொன்னார்கள். குளிக்கிறார். தூங்குகிறார். நல்லாத்தான் இருக்கார்.

வேதவல்லியிடம் நான் எதையும் சொல்லவில்லை. அவளும் என்னிடம் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே பயத்தை ஆளுக்கொரு தட்டில் போட்டுச் சாப்பிட்டோம்.

*

கல்யாணமாகி அக்கா அந்தமானுக்குப் போனது கப்பலில். சென்னைத் துறைமுகத்திலிருந்து மூன்று நாள். வழியெல்லாம் வாந்தி. வங்காள விரிகுடாவின் நீர்மட்டம் உயர்ந்ததே அவளால்தான் என்பார் அத்தான்.

அன்றிலிருந்து பொங்கல்தோறும் தம்பி சீரும் கப்பலில்தான் போகும். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, புடவை, கரும்பு ஒரு ஜோடி. போகிற யாராவது ஓர் ஊர்க்காரர் கையில் கொடுத்துவிடுவேன். மூன்று நாள் கடற்காற்றில் கரும்பு லேசாக உப்புக் கரிக்கும் என்பாள்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சீர்க் கரும்பை, கட்டிக்கொடுத்த பெண்தான் முதலில் கடிக்க வேண்டும். அவள் ஒரு கடி கடித்து மென்று, நன்றாயிருக்கிறது என்று சொன்ன பிறகுதான் அந்த வீட்டில் மற்றவர் தொடலாம். அந்த ஒரு சொல்லுக்காக இங்கே நான் போனருகில் காத்திருப்பேன்.

மார்கழி பாதியில் அத்தானைக் கூப்பிட்டேன். "இந்த வருஷம் சீரை நானே கொண்டாரேன்."

அத்தான் தொண்டையைச் செருமினார், மறுபடியும் செருமினார். அதற்குள் ஒரு கப்பல் வந்து திரும்பிப் போயிருக்கும்.

"எதுக்கு வீண் அலைச்சல்? எப்பவும்போல கப்பல்ல அனுப்பு."

போனை வைத்தேன். வேதவல்லி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வராதேன்னாரா?"

"ஆமா."

"அப்ப உடனே போங்க. கப்பல்ல இல்ல, பிளைட்ல."

*

சென்னையிலிருந்து போர்ட் பிளேர். வான்வழியில் ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் சொச்சம். இரண்டு மணி நேரம் சொச்சம். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். சொச்சம் என்றால் எவ்வளவு என்று ஒருவரும் சொல்லவில்லை.

எனக்கு இரண்டு மணி நேரம் பெரிதில்லை. அந்தச் சொச்சம்தான் பயமாக இருந்தது.

போகி அன்று காலை விமானம். கும்பகோணத்திலிருந்து ரயிலில் வந்து, தோகையோடு இரண்டு முழுக் கரும்பை வேல்போலப் பிடித்துக்கொண்டு விமான நிலையத்தில் நுழைந்தேன். வாசலில் நின்ற காவலர் ஒரு கணம் துப்பாக்கியைச் சரிசெய்துகொண்டார். என்னை எதிர்நாட்டுப் படை என்று நினைத்திருப்பார். என் தோற்றம் அப்படி.

பெட்டி போடும் இடத்தில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். இன்னும் நிமிர்ந்தாள். தோகை முடிகிற இடம்வரை நிமிர்ந்தாள்.

"சார், இவ்ளோ நீளம் ஏத்த முடியாது."

"எவ்ளோ ஏத்தலாம்?"

கையை விரித்துக் காட்டினாள். பாதிகூட இல்லை.

"பாதிக் கரும்பையா எங்கக்காவுக்குக் கொண்டுபோறது?"

"பாதி பாதியா முழுசையும் கொண்டுபோங்க சார். யாரு வேணாங்குறா?"

நியாயம்தான். ஆனால் வெட்டக் கத்தி வேண்டுமே. விமான நிலையத்தில் கத்தி ஏது? வருகிறவர்களிடமிருந்து கத்தியைப் பிடுங்குவதற்கென்றே கட்டிய கட்டடம் அது.

முழங்காலில் வைத்து உடைத்தேன். மடக். மடக். கூரை அதிர்ந்தது. ஓடுதளத்தில் ஒரு விமானம் புறப்படத் தயங்கியது. வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். அந்தப் பெண்ணும் தட்டினாள், மேலதிகாரி பார்க்காத நேரமாகப் பார்த்து.

அத்தானுக்கு அங்கிருந்துதான் போன் செய்தேன். "கிளம்பிட்டேன்." சொல்லிவிட்டு, அவர் வேண்டாம் என்பதற்குள் வைத்துவிட்டேன்.

*

ஜன்னலோர இருக்கை. பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர்.

"முதல் தடவையா சார்?"

"நூத்தி ரெண்டாவது."

அவர் குனிந்து, நான் வெகுநேரமாக முடிச்சுப் போட முயன்றுகொண்டிருந்த பெல்ட்டை எடுத்துக் கிளிக் என்று மாட்டிவிட்டார்.

"அந்த நூத்தியோரு தடவையும் யாரு சார் மாட்டிவுட்டாங்க?"

பதில் சொல்வதற்குள் பூமி கழன்று விழுந்தது.

முதலில் வீடுகள் தீப்பெட்டியாயின. அப்புறம் அரிசியாயின. அப்புறம் சென்னையே இல்லை. நீலம். கீழேயும் நீலம். மேலேயும் நீலம். நடுவில் நான் ஒருவன், ஆறு துண்டுக் கரும்போடு.

மேகங்கள் பஞ்சுப் பொதியாகக் கிடந்தன. உலகத்தில் உள்ள எல்லா மெத்தைக்கடைக்காரர்களும் அங்கேதான் கொள்முதல் செய்கிறார்கள். நானே பார்த்தேன்.

வெளிச்சம் இறக்கையில் வழிந்தது. நாங்கள் சூரியனை எதிர்கொண்டு போனோம். அது கும்பகோணம் நோக்கி. நான் அக்கா நோக்கி. பாதிவழியில் ஒருவரையொருவர் கடந்தோம். அது என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அவளைப் பார்த்துவிட்டுத்தானே வருகிறாய். ஒரு வார்த்தை சொல்லேன்.

கீழே கடல். அக்கா மூன்று நாள் அழுத கடல். அவள் ஒரு பகல் முழுக்கக் கடந்த தூரத்தை நான் ஒரு தம்ளர் தக்காளிச் சாறு குடித்துக் கடந்தேன். இவ்வளவுதான் தூரமா? இவ்வளவு தூரத்தையா இத்தனை வருஷம் பெரிதாக நினைத்தேன்?

ஒத்திகை பார்த்தேன். வாய் இழுத்திருந்தால் அழக் கூடாது. பேச்சு வராவிட்டால் நானே இரண்டு பேருக்கும் பேச வேண்டும். எனக்கு அது கஷ்டமில்லை. ஆனால் 'டேய்' என்பதை மட்டும் எனக்கு நானே எப்படிச் சொல்லிக்கொள்வது?

இரண்டு மணி நேரம் முடிந்தது. சொச்சம் ஆரம்பித்தது. மேகத்துக்குக் கீழே பச்சைத் தீவுகள், யாரோ கைதவறிச் சிந்திய வெற்றிலைபோல.

சக்கரம் தரையைத் தொட்டது. எனக்கு மட்டும் இன்னும் தரை வரவில்லை.

*

வெயிலோடு மழை. பொன் தூறல். அத்தான் குடையை எனக்குப் பிடித்துத் தான் நனைந்தார். என் கண்ணைப் பார்க்கவில்லை.

"அக்கா?"

"நீயே வந்து பாரு."

ஆட்டோ, அக்கா வீடு இருக்கும் ஹாடோ மேட்டில் ஏறியது. சரிவெல்லாம் பாக்குமரம். தகரக் கூரைகளில் மழை. நான் ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் வாய் திறக்காமல் போன ஒரே சவாரி அது. இதை மட்டும் மிகைப்படுத்தவில்லை.

வாசலில் அக்கா நின்றாள்.

நின்றாள். நடந்தாள். கை வீசினாள். இளைத்திருந்தாள். முந்தானையால் மூக்குவரை இறுக்கி மூடியிருந்தாள். கண் மட்டும் தெரிந்தது. கண் நிறைந்திருந்தது.

"அக்கா."

தலையசைத்தாள்.

"எப்படிக்கா இருக்கே?"

தலையசைத்தாள்.

உள்ளே போனேன். உட்கார்ந்தேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது சட்டப்படி நடக்க வேண்டும். பையைப் பிரித்தேன். தாம்பாளம் கேட்டேன். அரிசி, வெல்லம், மஞ்சள், புடவை. மேலே ஆறு துண்டுக் கரும்பு.

ஒரு துண்டை எடுத்து நீட்டினேன்.

"கடிக்கா. நீதான் முதல்ல."

அக்கா கரும்பைப் பார்த்தாள். அத்தானைப் பார்த்தாள். மறுபடி கரும்பைப் பார்த்தாள். தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். முந்தானைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, கொதிக்கிற கெட்டில்போல.

முந்தானை நழுவியது.

சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் நேராக இருந்தது. கோணல் இல்லை, இழுப்பு இல்லை. முழு வாயும் திறந்திருந்தது. உள்ளே ஒரே ஒரு பல்கூட இல்லை.

ஈறு. ஈறு மட்டும். மேலும் கீழும் இளஞ்சிவப்பு.

"டேய்!" என்றாள் அக்கா. "பல்லில்லாதவளுக்குக் கரும்பு கொண்டாந்த ஒரே தம்பி நீதாண்டா!"

*

டேய்.

மழை நின்றுவிட்டது. அல்லது பெய்துகொண்டே இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. நான் தாம்பாளத்தின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். பச்சரிசி ஊறி அங்கேயே சோறாகியிருக்கும், அக்கா தாம்பாளத்தை நகர்த்தாவிட்டால்.

கார்த்திகையில் பல்லெல்லாம் ஆடிப்போயிற்றாம். மருத்துவர் மொத்தத்தையும் எடுத்துவிட்டார். ஈறு ஆறிய பிறகு செட்டு கட்டலாம், தை கடைசி ஆகும் என்றாராம். அவ்வளவுதான். அவ்வளவேதான்.

"அதைச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ விடுவியா என்னை?"

நியாயமான கேள்வி. போன வருஷம் எனக்குப் பல் செட்டு கட்டினார்கள். மேலும் கீழும் முழு செட்டு. அக்கா என்னைச் சும்மா விட்டாளா? ஒவ்வொரு ஞாயிறும் கேட்டாள். "தும்மும்போது புடிச்சுக்கோடா, மகாமகக் குளத்துல போய் விழுந்துடப் போவுது." "ராத்திரி கழட்டி வெச்சா அது தனியாப் பேசுதாமே, வேதா சொன்னா."

அத்தனையும் வட்டியோடு திரும்பி வரும் என்று பயந்திருக்கிறாள். பேசினால் ஓசையில் தெரிந்துவிடும். சகரம், தகரம் எல்லாம் காற்றாகப் போகிறது. அத்தானிடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

"நான் உனக்கு வாயே இழுத்துக்கிச்சுன்னு நெனச்சேன்க்கா."

அவள் சிரிப்பு நின்றது. என் தலையை ஒரு தட்டுத் தட்டினாள். கையை அங்கேயே வைத்திருந்தாள்.

"பைத்தியம்" என்றாள். அது 'பைஹ்ஹியம்' என்று வந்தது. உலகத்தில் அதைவிட நல்ல சொல் இல்லை.

பிறகு நான் விடவில்லை. அன்று முழுதும் விடவில்லை. "இனிமே உனக்குப் பல்பொடி செலவு மிச்சம்க்கா." "அத்தானைக் கடிக்கக்கூட முடியாதே, பாவம், எப்படிப் பொழுது போவுது?" அத்தான் முப்பத்திரண்டு சொந்தப் பல்லும் தெரியச் சிரித்தார். பொய்யிலிருந்து விடுதலையான மனிதனின் சிரிப்பு.

கரும்பு பாக்கி இருந்தது. சட்டம் சட்டம்தான். அக்கா முதலில் தொடாமல் யாரும் தொடக் கூடாது. எனக்கும் செட்டுப் பல். இரண்டு பேராலும் தோலைக்கூட உரிக்க முடியாது. கடைசியில் அத்தான் கத்தியால் சீவிக் கொடுக்க, இடிகல்லில் நசுக்கித் துணியில் பிழிந்தோம். அக்கா ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள்.

"இந்தத் தடவ உப்பே இல்லடா."

அப்புறம்தான் அத்தானுக்கு அனுமதி கிடைத்தது.

பொழுது சீக்கிரமே சாய்ந்தது. கடிகாரம் ஐந்தைத் தாண்டியதும் அந்த ஊரில் அந்தி. மாலை வெளிச்சம் தகரக் கூரைகளில் வெல்லப்பாகாக இறங்கியது. போன் அடித்தது. வேதவல்லி.

அக்கா விரலை உதட்டில் வைத்தாள். "அவகிட்ட சொன்னே, அடுத்த கப்பல்ல ஏத்திடுவேன். தை கடைசியில நல்ல பல்லோட நானே பேசிக்கிறேன்."

"என்னங்க, அக்கா எப்படியிருக்காங்க?"

"நல்லாத்தான் இருக்கா."

"குடுங்க, பேசறேன்."

என் நாக்கு தானாகச் சொன்னது. "குளிக்கிறா."

மெல்ல, "நெசத்தச் சொல்லுங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது. நான் ஏதோ உளறிப் போனை வைத்துவிட்டேன். அந்தக் குரலை நான் அறிவேன். இரண்டு மாதமாக என் தட்டில் இருந்த அதே பயம்.

*

பொங்கல் காலை. மாடியில் மூன்று கல். அதன்மேல் பானை. கழுத்தில் மஞ்சள் கொத்து.

கீழே துறைமுகத்தில் கப்பல்கள் இன்னும் விளக்கை அணைக்கவில்லை. கடலின் ஓரம் முதலில் சாம்பல். பிறகு பூசணிப் பூ. பிறகு பார்க்க முடியாத பொன். காற்றில் விறகுப் புகை. பால் சுற்றிலும் நுரை கட்டி மெல்ல ஏறியது.

அக்கா முந்தானையை வாயருகே கொண்டுபோனாள். பக்கத்து மாடியில் ஆட்கள் நின்றார்கள். எல்லோரும் பார்க்கிறார்கள்.

நான் திரும்பி நின்று என் செட்டைக் கழற்றினேன். மேலே ஒன்று, கீழே ஒன்று. தண்ணீர்த் தம்ளரில் போட்டேன். திரும்பி அவளைப் பார்த்து முழு வாயையும் திறந்து சிரித்தேன்.

"ச்சீ! என்னடா இது கோலம்?"

"உனக்குத் துணைக்கு."

அவள் என்னையே பார்த்தாள். முந்தானை கீழே இறங்கியது. இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நான் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் கும்பகோணத்துக்குப் போட்டேன். அங்கே இன்னும் இருட்டு. முதல் மணியிலேயே வேதவல்லி எடுத்தாள். தூங்கவில்லை போலும். பானைக்கு மேலே போனைத் தூக்கிப் பிடித்தேன்.

நுரை விளிம்பைத் தொட்டது. நின்றது. வழிந்தது.

"பொங்கலோ பொங்கல்!"

அக்காதான். சங்கு முழங்கியதுபோல. ஓர் எழுத்துகூடச் சிதையவில்லை. அந்தச் சொல்லுக்குப் பல்லே வேண்டியதில்லை, உதடும் மூச்சும் போதும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நானும் கத்தினேன். அத்தானும் கத்தினார். துறைமுகத்தில் ஒரு கப்பல் பதிலுக்கு ஊதியது. இரண்டு கப்பல்கள். சரி, அந்தமான் கடலில் இருந்த அத்தனை கப்பல்களும்.

போனில் ஒரு விம்மல். பிறகு ஒரு சிரிப்பு.

அங்கே விடியவில்லை. வாசலில் கோலம்கூடப் போட்டிருக்க மாட்டாள். அடுப்பில் பானை ஏறவில்லை. ஆனாலும் இருட்டுச் சமையலறையில் நின்றபடி, தெருவே எழுந்துகொள்ளும்படி, வேதவல்லி திருப்பிக் கத்தினாள்.

"பொங்கலோ பொங்கல்!"

ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் சொச்சம். வந்து சேர நேரமே ஆகவில்லை.